இன்றே கடைசி!

ஊரில் சினிமா போஸ்டர் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ரெண்டு வார்த்தையை விளக்க வேண்டியதில்லை. போஸ்டருக்குக் குறுக்கே ஒரு சின்னச் சீட்டை ஒட்டியிருப்பாங்க: "இன்றே கடைசி". அதுவரைக்கும் அந்தப் படத்தைப் பார்க்கணும்னு நமக்குத் தோணியே இருக்காது. சீட்டைப் பார்த்ததும் அவசரமா சட்டை மாட்டிக்கிட்டு கிளம்புவோம். மறுநாள் அதே தியேட்டர் வழியா போனா அதே படம் ஓடிக்கிட்டு இருக்கும். சீட்டும் அப்படியே இருக்கும்.

இந்தக் கட்டுரை சினிமா பற்றியது இல்லை. ஒரு பான்கேக் பற்றியது. போன வருஷம் ஆடி மாசம் அந்தச் சீட்டு எங்க ஹாஸ்டல் குரூப்புக்கு வேற உருவத்தில் வந்தது. பளபளன்னு ஒரு படம். மூணு அடுக்கு பான்கேக், மேலே வெண்ணிலா ஐஸ்கிரீம், அதன் மேல் வழியிற சாக்லேட், ஓரத்தில் நொறுக்கிப்போட்ட பிஸ்கட். கீழே கொட்டை எழுத்தில் "15 நாட்கள் மட்டும்!" அனுப்பினவன் கூடவே எழுதியிருந்தான்: "மச்சான், இன்னும் 3 நாள்தான்டா இருக்கு. விட்டா போச்சு."

எங்க அஞ்சு பேரில் யாருக்கும் அதுக்கு முந்தின நாள் வரைக்கும் பான்கேக் மேல் ஒரு ஆசையும் கிடையாது. ரெண்டு பேர் அதுவரை சாப்பிட்டதே இல்லை. ஆனா "விட்டா போச்சு"ன்னு படிச்சதும் எல்லாருக்கும் ஏதோ நம்ம பொருளை யாரோ தூக்கிட்டுப் போற மாதிரி ஒரு பதற்றம். அஞ்சு நிமிஷத்தில் சனிக்கிழமைன்னு முடிவாச்சு. குரூப்பில் நாலு தம்ஸ் அப் வந்தது. அஞ்சாவது கொஞ்சம் லேட்டா, ராத்திரி பதினோரு மணிக்கு வந்தது. அந்த அஞ்சாவது ஆள் என் ரூம்மேட். பேரைப் போட்டா அடிப்பான். அதனால் நண்பன்னு மட்டும் சொல்லிக்கிறேன்.

முதல் நாலு வாய்

தாம்பரத்தில் ட்ரெயின் பிடிச்சு, கிண்டியில் இறங்கி, பஸ் மாறி, வேளச்சேரிப் பக்கம் ஒரு மாலுக்குப் போய்ச் சேர்ந்தப்போ மணி நாலரை. எந்த ரெஸ்டாரண்ட்னு சொல்லப்போறதில்லை. நிறைய ஊரில் கிளை இருக்கிற கடை, ஏசி, மெத்தை போட்ட சோஃபா, பாடினது யாருன்னே தெரியாத ஒரு இங்கிலீஷ் பாட்டு. இது போதும்.

உள்ளே போனதும் சர்வர் அண்ணாகிட்ட நான் கேட்ட முதல் கேள்வி: "அண்ணா, அந்த ஸ்பெஷல் இன்னும் இருக்குல்ல? முடிஞ்சிடலையே?"

அவர் சிரிச்சார். "இருக்கு தம்பி. இன்னும் ரெண்டு வாரம் நீட்டிச்சிருக்காங்க."

அந்த இடத்திலேயே நாங்க எழுந்து திரும்பியிருக்கலாம். அவ்வளவு தூரம் அலறி அடிச்சு ஓடி வந்த காரணம் சோஃபாவில் உட்காருறதுக்கு முன்னாடியே செத்துப்போச்சு. ஆனா யாரும் எழுந்திருக்கல. வந்தது வந்தாச்சு, இல்லையா?

நாலு பேர் ஆளுக்கு ஒரு ஸ்பெஷல், ஆளுக்கு ஒரு கோல்ட் காஃபி. நண்பன் மட்டும் "எனக்கு பசிக்கல, ஒரு லைம் சோடா போதும்"னான். "டேய், இவ்ளோ தூரம் வந்துட்டு லைம் சோடாவா?"ன்னு கிண்டல் பண்ணோம். அவனும் எங்ககூடச் சேர்ந்து சிரிச்சான்.

இப்போ நியாயமா ஒரு விஷயம் சொல்லணும். பான்கேக் நல்லாவே இருந்தது. "இதுக்கு எங்கம்மா சுடுற வெல்ல தோசையே மேல்"னு எழுதி கைத்தட்டல் வாங்குறது சுலபம். பொய் சொல்ல விருப்பமில்லை. சூடான மெத்துமெத்து பான்கேக்கும் ஜில்லுன்னு ஐஸ்கிரீமும் ஒண்ணா வாயில் போற அந்த முதல் வாய் அருமையா இருந்தது. ரெண்டாவது, மூணாவது, நாலாவது வரைக்கும்கூட.

அந்த மெத்துக்குக் காரணம் கெமிஸ்ட்ரி. தோசை மாவை ராத்திரி முழுக்க புளிக்க வைக்கிறோம். அதில் இருக்கிற நுண்ணுயிர்கள் நிதானமா வாயுவை உண்டாக்கி மாவைப் பொங்க வைக்குது. பான்கேக்குக்கு அந்தப் பொறுமை கிடையாது. பேக்கிங் பவுடரில் சமையல் சோடாவும் உலர்ந்த ஒரு அமிலமும் சேர்ந்தே இருக்கும். ஈரம் பட்டதும் ரெண்டும் வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடு வரும், கல்லில் சூடு ஏறினதும் இன்னும் வரும். மேலே குமிழ் வந்து உடையும்போது திருப்பிப் போடணும். அடியில் அந்தப் பழுப்பு நிறமும் வாசனையும் வர்றது மயார் வினையால். லூயி கமீல் மயார்ங்கிற பிரெஞ்சு வேதியியலாளர் 1912இல் விளக்கின வினை அது. நம்ம தோசை முறுகலுக்கும் அதுதான் காரணம். ஒரே ராத்திரி வேலையைப் பத்து நிமிஷத்தில் முடிக்கிற தோசைன்னு பான்கேக்கைச் சொல்லலாம். அவசரத்துக்குன்னே பிறந்த பலகாரம்.

ஆனா அஞ்சாவது வாயில் ஏதோ ஒண்ணு மாறும். ஐஸ்கிரீம் உருகிடும். (போட்டோ எடுக்கவே எங்க கேமராமேன் ஆறு நிமிஷம் எடுத்துக்கிட்டான். சூடான தட்டில் ஐஸ்கிரீமை வச்சுட்டு ஆறு நிமிஷம். நாமெல்லாம் ஹீட் டிரான்ஸ்ஃபர் பாஸ் பண்ணவங்க!) உருகின ஐஸ்கிரீமையும் சிரப்பையும் பான்கேக் ஸ்பான்ஞ்ச் மாதிரி உறிஞ்சிக்கும். அப்புறம் எல்லா வாயும் ஒரே இனிப்பு, ஒரே பதம். ஒரே சுவையைத் தொடர்ந்து சாப்பிட்டா அந்தச் சுவை மேல் மட்டும் ஆசை சீக்கிரம் இறங்கிடும்னு 1980களின் தொடக்கத்திலேயே பார்பரா ரோல்ஸ் குழுவினர் சோதனை பண்ணிக் காட்டியிருக்காங்க. பாயசத்துக்கு நடுவுல அப்பளத்தை நொறுக்கிப்போட்டுக்கிற நம்ம கல்யாணப் பந்திக்கு அது எப்பவோ தெரியும். எங்க தட்டில் அப்பளம் இல்லை. நாலு பேர் தட்டிலும் கால்வாசி மிச்சம். மூச்சு முட்டுது, ஆனா காசு போட்டாச்சுன்னு கடைசி வரைக்கும் தள்ளினோம். அந்த அரைமணி நேரமும் நண்பன் லைம் சோடாவில் இருந்த ஐஸைக் கிளறிக்கிட்டு உட்கார்ந்திருந்தான்.

பிஸ்கட் ஜாடி

"15 நாட்கள் மட்டும்"னு போட்டா நம்ம மூளைக்கு என்ன ஆகுது? இது புதுசா கண்டுபிடிச்ச தந்திரம் இல்லை. 1975இல் ஸ்டீஃபன் வொர்ச்செல் குழுவினர் அமெரிக்காவில் ஒரு எளிமையான சோதனை பண்ணாங்க. ஒரு கண்ணாடி ஜாடியில் பத்து பிஸ்கட், இன்னொரு ஜாடியில் ரெண்டே ரெண்டு. எல்லாம் ஒரே பிஸ்கட். ரெண்டே ரெண்டு இருந்த ஜாடியிலிருந்து எடுத்தவங்க அதை அதிகம் விரும்பினாங்க, அதுக்கு விலையும் அதிகம் இருக்கும்னு நினைச்சாங்க. பத்து இருந்து கண் முன்னாடியே ரெண்டா குறைஞ்சப்போ ஆசை இன்னும் கூடிச்சு. இதில் எனக்குப் பிடிச்ச பகுதி ஒண்ணு உண்டு. குறைவா இருந்த பிஸ்கட் ருசியில் மேல்னு அவங்க சொல்லல. வேணும்ங்கிற ஆசை மட்டும்தான் கூடிச்சு. பிஸ்கட் அதே பிஸ்கட்தான்.

இந்த வியாபாரத்தில் கைதேர்ந்த ஊர் அமெரிக்கா. அங்கே மெக்டொனால்ட்ஸில் மெக்ரிப்னு ஒரு சாண்ட்விச். 1981இல் வந்தது. அப்புறம் மெனுவிலிருந்து போகும், வரும். 2005இல் பிரியாவிடைச் சுற்றுப்பயணம்னே பேர் வச்சு வழியனுப்பினாங்க. திரும்ப வந்தது. 2022இல் மறுபடியும் பிரியாவிடை. மறுபடியும் வந்தது. நம்ம ஊரில் ஓய்வு அறிவிச்சிட்டுத் திரும்பி வர்ற நடிகர்கள்கூட இத்தனை தடவை விடைபெற்றதில்லை.

கடைக்காரங்க பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்லிடுறேன். புது ஐட்டம் விக்குமா விக்காதான்னு கொஞ்ச நாள் போட்டுப் பார்க்கிறது புத்திசாலித்தனம். ஒரே மெனுவை வருஷம் முழுக்க வச்சா வர்றவங்களுக்கும் சலிக்கும், சமைக்கிறவங்களுக்கும் சலிக்கும். எனக்குப் பிரச்சினை "மட்டும்"ங்கிற அந்த ஒரு வார்த்தையோடதான்.

ஏன்னா நிஜமாவே கொஞ்ச நாளைக்கு மட்டும் கிடைக்கிற சாப்பாடு எதுன்னு நமக்கு நல்லாத் தெரியும். நுங்கு கோடையில் மட்டும். ரெண்டு வாரம் விட்டா முத்திடும், எந்த மேனேஜர் நினைச்சாலும் நீட்டிக்க முடியாது. பனங்கிழங்கு பொங்கல் சமயத்தில். மாவடு வெயில் ஏறுறதுக்கு முன்னாடி. இதெல்லாம் மரம் போடுற கெடு. பான்கேக்கில் எதுக்குக் கெடு? மைதா, பால், முட்டை, சர்க்கரை, சாக்லேட். இதில் எது ஆடியில் காய்ச்சு ஆவணியில் உதிருது? எல்லாம் எங்க ஹாஸ்டல் கேட்டுக்கு எதிரே இருக்கிற மளிகைக் கடையில் வருஷம் முழுக்க இருக்கு. தீர்ந்துபோறது பான்கேக் இல்லை. நமக்கு யோசிக்கிறதுக்கு இருக்கிற நேரம். அதைத்தான் அந்தப் போஸ்டர் குறைக்குது.

சரி, யோசிக்காம நானூறு ரூபாய்க்கு ஒரு இனிப்பு சாப்பிட்டா என்ன குடி முழுகிடும்னு நீங்க கேட்கலாம். அன்னிக்கு நானும் அதையேதான் நினைச்சேன்.

2720 வகுத்தல் 5

பில் வந்தது. கணக்கைப் பாருங்க, கொஞ்சம் பொறுமையா.

பான்கேக் 429 வீதம் நாலு: 1716. கோல்ட் காஃபி 189 வீதம் நாலு: 756. லைம் சோடா ஒண்ணு: 119. மொத்தம் 2591. ஜிஎஸ்டி 5 சதவீதம், 129 ரூபாய் 55 காசு. ஆக 2720 ரூபாய் 55 காசு.

நான்தான் மொத்தமா ஜிபே பண்ணேன். ட்ரெயினில் திரும்பி வரும்போது போனில் 2720ஐ அஞ்சால் வகுத்து குரூப்பில் போட்டேன்: "ஆளுக்கு 544 மக்கா." ரெண்டு நிமிஷத்தில் முதல் ஆளா பணம் அனுப்பினது நண்பன்தான். மத்த மூணு பேர்கிட்ட ஒரு வாரம் கெஞ்ச வேண்டியிருந்தது. அப்போ "பாரு, இவன்தான்டா ஜென்டில்மேன்"னு நான் சொன்னதுகூட ஞாபகம் இருக்கு.

மூணு வாரம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம். ரூமில் அவனும் நானும் மட்டும். அவன் கட்டிலில் சுவரோடு சாய்ஞ்சு போனைப் பார்த்துக்கிட்டு இருந்தான். போனிலிருந்து தவில் சத்தம், கூட்டத்தோட சத்தம். எட்டிப் பார்த்தேன். வீடியோ கால். அந்தப் பக்கம் அவன் அம்மா போனை உயரத் தூக்கிப் பிடிச்சிருக்காங்க போல, படம் ஆடிக்கிட்டே இருந்தது. கும்பகோணம் பக்கம் அவங்க கிராமத்து அம்மன் கோயில் தீமிதி. மஞ்சள் வேட்டி கட்டின ஒரு சின்னப் பையன் குண்டத்தைத் தாண்டி ஓடினான். ரெண்டு பெரியவங்க அவனைப் பிடிச்சுக்கிட்டாங்க. நண்பன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து "தாண்டிட்டான்! தாண்டிட்டான்!"னு கத்தினான். என்னைத் திரும்பிப் பார்த்து, "என் தம்பிடா. முதல் தடவை காப்பு கட்டியிருக்கான்"னான்.

"நீ ஏன்டா போகல?"

"இன்டர்னல்ஸ் இருக்குல்ல."

இன்டர்னல்ஸுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. ஒரே க்ளாஸ், எனக்குத் தெரியாதா? விடாம கேட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் சொன்னான். கிளாம்பாக்கத்திலிருந்து ஊருக்குப் போகவும் வரவும்னு அறுநூறு ரூபாயைத் தனியா வச்சிருந்தானாம். அந்த மாசம் வீட்டில் கொஞ்சம் கஷ்டம், கூட அனுப்ப முடியாதுன்னு முன்னாடியே சொல்லிட்டாங்களாம். அந்தக் காசிலிருந்துதான் சனிக்கிழமை எங்ககூட வந்தான். அவன் போட்ட கணக்கு: லைம் சோடா 119, வரியோட 125. அதை மாசக் கடைசிக்குள்ள எப்படியாவது சரிக்கட்டிடலாம்னு நினைச்சிருக்கான். 544 அவன் கணக்கிலேயே இல்லை.

"டேய், எங்ககிட்ட கேட்டிருக்கலாமேடா!"

"எப்படிடா கேட்கிறது? பான்கேக் கடைக்குப் போய்ட்டு வந்தவன், ஊருக்குப் போக பஸ் காசு குடுங்கன்னு கேட்டா நல்லாவா இருக்கும்?"

எனக்குப் பதில் தெரியல. இப்போ இதை எழுதும்போதும் தெரியல.

லாபம் பார்த்தது யாரு?

அன்னிக்கு ராத்திரி அந்தப் பில்லைத் தேடி எடுத்து மறுபடி கணக்குப் போட்டேன். பான்கேக்கும் காஃபியும் சாப்பிட்ட எங்க நாலு பேருக்கும் நியாயமா வரவேண்டியது ஆளுக்கு 649 ரூபாய். நாங்க குடுத்தது 544. ஆளுக்கு 105 ரூபாய் எங்களுக்கு லாபம். அந்த நாலு 105ஐயும் குடுத்தது யாரு? ஒரு லைம் சோடா குடிச்சவன். எங்க குரூப்பிலேயே கையில் கம்மியா காசு இருந்தவன்தான் எங்க பான்கேக்குக்கு ஸ்பான்சர் பண்ணியிருக்கான். அவனை நான் ஜென்டில்மேன்னு வேற பாராட்டியிருக்கேன்.

"ஃப்ரெண்ட்ஸுக்குள்ள என்னடா கணக்கு?"ன்னு நாம பெருமையா சொல்லிக்குவோம். இந்தக் கட்டுரையில் நான் சண்டை போட நினைக்கிறது இந்த வசனத்தோடதான். சமமா வகுக்கிறதும் ஒரு கணக்குத்தானே? அது அதிகமா சாப்பிட்டவனுக்குச் சாதகமான கணக்கு. கம்மியா சாப்பிட்டவன் வாயைத் திறந்தா கஞ்சன்னு பேர் வரும், திறக்காட்டி காசு போகும். ரெண்டில் எதை எடுத்துக்குவான்? காசு போனா போகுதுன்னு விட்டுடுவான். நாம அதைப் பார்த்து நம்ம நட்பு எவ்வளவு தாராளம்னு நினைச்சுக்குவோம். தாராளம் யாரோடது?

நம்ம காலேஜில் எல்லா மாதிரியான வீட்டிலிருந்தும் வர்றோம். ஃபர்ஸ்ட் கிராஜுவேட் சலுகையில் படிக்கிறவனும், பைக்கை வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துறவனும் ஒரே பெஞ்ச். ஒரே ஐடி கார்டு, ஒரே மெஸ் சாம்பார். அதனால் எல்லார் பாக்கெட்டும் ஒரே மாதிரின்னு ஒரு மயக்கம் வந்துடுது. ஆளுக்கு ஆள் அந்த வித்தியாசம் எவ்வளவுன்னு காட்டிக்கொடுக்கிற இடம் ரெஸ்டாரண்ட் பில்தான்.

இதுக்கும் "15 நாட்கள் மட்டும்"க்கும் என்ன சம்பந்தம்? நேரடியா சம்பந்தம் இருக்கு. எங்க போகலாம், எப்போ போகலாம், எவ்வளவு ஆகும், எல்லாருக்கும் ஓகேவான்னு பேசுறதுக்கு சாதாரணமா நாங்க ரெண்டு நாளாவது எடுத்துக்குவோம். அந்த ரெண்டு நாளில் ஒருத்தன் மெதுவா நழுவலாம், "அடுத்த மாசம் போலாமாடா"ன்னு கேட்கலாம். அடுத்த மாசம்னு ஒண்ணு இல்லவே இல்லைன்னு போஸ்டர் சொல்லிடுச்சு. "இன்னும் மூணு நாள்தான்"னு நாலு பேர் குதிக்கும்போது "என்கிட்ட காசு இல்லை"ன்னு ஒருத்தன் எப்படிச் சொல்லுவான்? அதனாலதான் அந்த அஞ்சாவது தம்ஸ் அப் ராத்திரி பதினோரு மணிக்கு வந்தது. அந்த நாலு மணி நேரமும் அவன் என் பக்கத்துக் கட்டிலில்தான் படுத்திருந்தான்.

கடையைக் குத்தம் சொல்லி நான் தப்பிச்சுக்கப் போறதில்லை. கடை பான்கேக்தான் வித்தது. 2720ஐ அஞ்சால் வகுத்தது நான்.

திரும்பி வந்தது எது?

தீபாவளி நெருங்கும்போது குரூப்பில் மறுபடியும் ஒரு படம் வந்தது. அதே மூணு அடுக்கு, அதே ஐஸ்கிரீம், அதே பிஸ்கட் தூள். "உங்கள் அமோக ஆதரவால் மீண்டும்! சில நாட்கள் மட்டும்!"

எனக்குச் சிரிப்பு வரல. மூணே மாசத்தில் பான்கேக் திரும்பி வந்துடுச்சு. அவன் தம்பி முதல் தடவையா தீ மிதிச்ச அந்தச் சாயங்காலம் திரும்பி வராது. அடுத்த ஆடியில் தீமிதி வரும், தம்பியும் மிதிப்பான். அது ரெண்டாவது தடவையா இருக்கும். உண்மையிலேயே "இன்றே கடைசி"ன்னு சீட்டு ஒட்ட வேண்டிய நாள் அதுதான். அதுக்கு யாரும் போஸ்டர் அடிக்கல. நிஜமா முடியப்போற விஷயம் எதுவும் நமக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்புறதில்லை.

அவனுக்கு அந்தக் காசைத் திருப்பிக் குடுக்கணும்னு 419 ரூபாய் ஜிபே பண்ணேன். பத்து செகண்டில் திருப்பி அனுப்பினான். குறிப்பில் ஒரே வார்த்தை: "லூசு". அதுக்கு மேல் அந்தப் பேச்சை எடுக்க அவன் விடல. இதை எழுதட்டுமான்னு கேட்டதுக்கு மட்டும், "எழுது, ஆனா அழுவாச்சி கதையா எழுதாத"ன்னான். முயற்சி பண்ணியிருக்கேன்.

எங்க குரூப்பில் இப்போ மூணு பழக்கம் வந்திருக்கு. பெரிய தத்துவம் ஒண்ணும் இல்லை. வேணும்னா நீங்களும் எடுத்துக்கலாம்.

முதல்ல தொகை, அப்புறம்தான் இடம். "எங்க போலாம்?"னு ஆரம்பிச்சா சத்தமா பேசுறவன் ஜெயிப்பான். "எவ்வளவுக்குள்ள?"ன்னு ஆரம்பிச்சா எல்லாரும் பேசலாம். யார் சொல்ற தொகை கம்மியோ அதுதான் அன்னிக்கு பட்ஜெட். ஏன்னு யாரும் கேட்கக் கூடாது.

ரெண்டாவது, அவங்கவங்க சாப்பிட்டதுக்கு அவங்கவங்க காசு, வரியோட. லாப்ளாஸ் டிரான்ஸ்ஃபார்ம் போடுற நமக்கு ஒரு பில்லைப் பிரிக்க மூணு நிமிஷம் ஆகாது. பில்லில் சர்வீஸ் சார்ஜ்னு ஒரு வரி இருந்தா அதையும் அப்போவே கவனிங்க. அதைக் கட்டாயமாக்கி தானாகச் சேர்க்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022லேயே வழிகாட்டுதல் குடுத்திருக்கு. எடுக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு.

மூணாவதுதான் கஷ்டம். ஒருத்தன் "வேணாம்டா, பசிக்கல"ன்னா அதை அப்படியே விட்டுடணும். கிண்டல் வேணாம். "நான் தர்றேன்டா"ன்னு எல்லார் முன்னாடியும் வள்ளல் ஆகவும் வேணாம். அது சில பேருக்குக் கிண்டலைவிட அதிகமா வலிக்கும். உண்மையிலேயே வாங்கித் தரணும்னு தோணினா, பில் வர்றதுக்கு முன்னாடி தனியா சொல்லுங்க. இல்லேன்னா எல்லாருக்கும் கட்டுபடியாகிற இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க.

பான்கேக் சாப்பிடாதீங்கன்னு நான் சொல்லல. போங்க, சாப்பிடுங்க, முதல் நாலு வாய் உண்மையிலேயே நல்லா இருக்கும். ரெண்டு பேருக்கு ஒண்ணு வாங்கினா அஞ்சாவது வாய்ப் பிரச்சினையும் வராது. போறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் மட்டும் நில்லுங்க. இது நிஜமாவே முடியப்போகுதா? இதுக்காக நம்ம கூட்டத்தில் வேற யாருக்காவது ஏதாவது முடிஞ்சுபோகுதா? ரெண்டாவது கேள்வியைக் கேட்க நான் மறந்ததாலதான் இத்தனை பக்கம் எழுத வேண்டியதாச்சு.

தீபாவளிக்கு வந்த அந்தப் படத்துக்குக் கீழே குரூப்பில் முதல்ல வந்த கேள்வி "எவ்வளவுக்குள்ள?" ஒருத்தன் 300ன்னான், ஒருத்தன் 200. நண்பன் 50ன்னு போட்டான், ஒளிவுமறைவு இல்லாம. அன்னிக்கு சாயங்காலம் ஹாஸ்டல் கேட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் ஆளுக்கு ரெண்டு வாழைக்காய் பஜ்ஜி, ஒரு டீ. நண்பன் மூணு பஜ்ஜி சாப்பிட்டான். அந்த மூணாவதுக்கு அவனே காசு குடுத்தான்.

இதோ, அடுத்த ஆடி வந்தாச்சு. தீமிதிக்கு அவன் ஊருக்கு இந்தத் தடவை அஞ்சு பேரும் போறோம். ரெண்டு மாசம் முன்னாடியே பேசி வச்சாச்சு. சாப்பாடு அவங்க வீட்டில்.

பஸ் டிக்கெட் மட்டும் அவங்கவங்க காசு.